கேம் சர்வர் வீட்டில், முகவரி மட்டும் வேறு ஊரில்

போன கோடை விடுமுறையில் ஒரு நாள் அக்கா மகன் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து நின்றான். முகமே சரியில்லை. "மாமா, அவன் என் ஐ.பி.யைக் கண்டுபிடிச்சிட்டான், வீட்டுக்கு வருவானாம்." விசாரித்தால் கதை இதுதான்: பழைய லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் கேமுக்கு ஒரு சர்வர் (எல்லோரும் வந்து சேர்ந்து ஆடும் இடம்) போட்டு, ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டை (வெளியாள் உள்ளே வரும் வழி) திறந்துவிட்டு, வீட்டு இணைப்பின் ஐ.பி. எண்ணை நாற்பது பேர் இருக்கும் டிஸ்கார்ட் குழுவில் அவனேதான் ஒட்டியிருக்கிறான். அப்புறம் ஏதோ சண்டையில் ஒரு பையனை சர்வரை விட்டுத் தூக்கியிருக்கிறான், அவன் பதிலுக்கு அதே எண்ணைத் திருப்பி ஒட்டி மிரட்டியிருக்கிறான். கண்டுபிடிக்க அதில் என்ன இருக்கிறது.

வீட்டுக்கெல்லாம் யாரும் வரப்போவதில்லை. ஒரு ஐ.பி. முகவரியை வைத்துக்கொண்டு வெளியாள் ஒருவரால் எந்த நிறுவனத்தின் இணைப்பு, ஏறக்குறைய எந்த ஊர் என்பது வரைதான் சொல்ல முடியும். ஊரும் பல நேரம் தப்பாக வரும், மதுரை இணைப்பைச் சென்னை என்று காட்டும். கதவு எண் தெரிந்தது இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு மட்டும், அதை அவர்களிடம் கேட்டு வாங்க போலீஸ் வேண்டும். ஆனால் பையன் பயந்ததில் பாதி நியாயம் இருக்கிறது. ஆள் வராவிட்டாலும் பாக்கெட் (இணையத்தில் போகும் தகவல் துண்டு) வரும். அந்த எண்ணைப் பார்த்து எவனாவது குப்பையைக் கொட்ட ஆரம்பித்தால் சர்வர் மட்டும் படுக்காது. அதே இணைப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் அத்தான், டிவியில் சீரியல் பார்க்கும் அம்மா, எல்லோருக்கும் நெட் போய்விடும்.

அவன் அடுத்து கேட்டதுதான் எல்லோரும் கேட்பது: "சர்வர் நம்ம வீட்லயே இருக்கணும், ஆனா ஐ.பி. யாருக்கும் தெரியக்கூடாது, முடியுமா?" முடியும். ஆனால் இங்கே "மறைப்பது" என்ற சொல் ஆளைக் குழப்பிவிடுகிறது. விளையாட வருகிறவனின் பாக்கெட் ஏதாவது ஒரு முகவரிக்குப் போயே தீரவேண்டும், முகவரியே இல்லாத சர்வர் என்று ஒன்று கிடையாது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, நம் முகவரிக்குப் பதிலாக இன்னொன்றை முன்னால் நிறுத்துவது. பத்திரிகையில் வரன் தேடும் விளம்பரங்களில் முன்பெல்லாம் வீட்டு முகவரிக்குப் பதில் பெட்டி எண் போடுவார்கள் அல்லவா? கடிதம் பத்திரிகை அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்கு வரும். அதே ஏற்பாடுதான். அந்தப் பெட்டி எண் யாருடையது, அதன் மேல் அடி விழுந்தால் தாங்குமா, அங்கிருந்து வீடு வரைக்கும் உள்ள வழி வெளியே தெரியாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் இணையத்தில் சுற்றும் பாதி யோசனைகள் தானாகவே விழுந்துவிடும். டொமைன் பெயர் வாங்கினால் போதும் என்பார்கள். பெயர் என்பது எண்ணுக்கு ஒட்டிய லேபிள், யார் கேட்டாலும் டி.என்.எஸ். என்ற இணைய முகவரிப் புத்தகம் அந்த எண்ணைச் சொல்லிவிடும். வெப்சைட்டுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் சேவையில் அந்த ஆரஞ்சு மேகப் பொத்தானை ஆன் செய்தால் மறைந்துவிடும் என்பது அடுத்தது. அது வெப்சைட்டுக்கான ஏற்பாடு, மைன்கிராஃப்ட் பாக்கெட் அதன் வழியே போகாது. கேமுக்கு அவர்களிடம் ஸ்பெக்ட்ரம் என்ற தனிச் சேவை உண்டு, காசு கட்டும் திட்டங்களில்தான். காசு கட்டி வாங்கும் சாதாரண வி.பி.என்.னைப் போட்டுக்கொள்ளலாமா என்றால், அது நீங்கள் வெளியே போகும்போது முகத்தை மூடுவது. சர்வர் என்பது வெளியாள் உள்ளே வருவது, அதற்கு வி.பி.என். நிறுவனம் தன் பக்கம் ஒரு போர்ட்டைத் திறந்து தரவேண்டும், பலர் தருவதில்லை. தந்துகொண்டிருந்த முல்வாட் நிறுவனமும் 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது.

இவ்வளவு பயப்பட வேண்டுமா, சின்னப் பசங்கள் விளையாடும் சர்வர்தானே என்று தோன்றலாம். மைன்கிராஃப்ட் உலகத்தின் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி. 2016இல் மிராய் என்ற ஒரு நிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட வீட்டு கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் படையாக்கியது. அந்த செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற பாதுகாப்புச் செய்தியாளரின் தளத்தின் மேல் அது கொட்டியது நொடிக்கு சுமார் 620 ஜிகாபிட். கோட் வெளியே விடப்பட்டபின் வேறு யாரோ அதை எடுத்து, அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டி.என்.எஸ். நிறுவனத்தை அடித்ததில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆயுதத்தைச் செய்தது ஏதோ ஒரு நாட்டின் ராணுவம் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பாரஸ் ஜா, ஜோசையா வைட், டால்டன் நார்மன் என்ற மூன்று அமெரிக்க இளைஞர்கள். இதன் வேர் மைன்கிராஃப்ட் சர்வர் வியாபாரத்தில் இருந்தது: போட்டி சர்வரை விழவைத்தால் ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கம் வருவார்கள், அவ்வளவுதான் கணக்கு. ஜாவும் வைட்டும் இந்த மாதிரித் தாக்குதலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சேவை விற்கும் கம்பெனி ஒன்றையும் நடத்தினார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

இன்னொன்று, 2022 ஜனவரி. ட்விட்சில் ஒளிபரப்பான பெரிய மைன்கிராஃப்ட் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்த நாட்களில் அந்தோராவின் ஒரே இணைய நிறுவனமான அந்தோரா டெலிகாம் தாக்குதலுக்கு ஆளாகித் திரும்பத் திரும்ப விழுந்தது. அங்கே குடியிருந்த ஸ்பானிய மொழி ஸ்ட்ரீமர்களைப் போட்டியிலிருந்து வெளியேற்றத்தான் என்று பரவலாகப் பேசப்பட்டது. இணைப்பு அறுந்து பல பேர் வெளியேறவும் செய்தார்கள். சுமார் 80,000 பேர் வாழும் ஒரு நாடே ஒரு கேமுக்காக இருட்டானது. நம் வீட்டு 100 எம்.பி.பி.எஸ். இணைப்பை அடைக்க 620 ஜிகாபிட் எல்லாம் வேண்டாம், கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் அடித்துத் தரும் "பூட்டர்" தளங்களே போதும். எஃப்.பி.ஐ. 2018 டிசம்பரில் 15, 2022 டிசம்பரில் 48 என்று அவற்றின் டொமைன்களைப் பறிமுதல் செய்துகொண்டே இருக்கிறது, புதிது முளைத்துக்கொண்டே இருக்கிறது. இங்கே இது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66வது பிரிவில் வரும், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அடித்தவன் யார் என்று கண்டுபிடித்தால்தானே.

சரி, நான் எண்ணை யாருக்குமே சொல்லவில்லை, நாலு நண்பர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் தந்தேன் என்றால்? ஐ.பி.வி.4 என்ற வழக்கமான முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட இசட்மேப் என்ற நிரல், ஒரே கம்ப்யூட்டரை வைத்து ஒரு போர்ட்டுக்காக அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துக் காட்டியது. 25565இல் பதில் சொல்கிற கதவுகளைத் தேடிக்கொண்டு இரவும் பகலும் நிரல்கள் அலைகின்றன. அக்கா மகனின் லாகை (சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு) திறந்து பார்த்தோம்: விடிகாலை 2:40க்கு ஒரு பெயர், உள்ளே வரப் பார்த்து ஒரு நொடியில் வெளியே. 3:15க்கு வேறு ஐ.பி.யிலிருந்து இன்னொரு பெயர். அனுமதிப் பட்டியல் போட்டிருந்ததால் நுழைய முடியவில்லை. "இவங்களுக்கு யாரு மாமா சொன்னா?" யாரும் சொல்ல வேண்டியதில்லை. போர்ட் எண்ணை மாற்றினால் சத்தம் குறையும், நிற்காது.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊரில் நிறையப் பேருக்கு ஐ.பி.யை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே மறைந்துதான் இருக்கிறது, அதனாலேயே சர்வரும் போட முடியாது. ஐ.பி.வி.4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது, அதற்குப்பின் வந்த பல நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமான வீடுகளை அடைத்து வைக்கின்றன. சிஜிநாட் என்பார்கள். ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் ஒரு எண் தெரிந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் (சில நிறுவனங்கள் 10இல் தொடங்கும் எண்ணையும் தருகின்றன). என் வீட்டு இணைப்பு (அக்கா வீட்டுடையது அல்ல) அப்படித்தான். போர்ட்டைத் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் என்ன எழுதினாலும் வேலைக்கு ஆகாது என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது, வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் ஒவ்வொரு முறையும் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆனால் உள்ளே வர வழியில்லாத இந்த நிலைமையும் ஐ.பி.யை மறைக்கும் வேலையும் ஒரே மருந்தில் தீருகின்றன.

மருந்து இதுதான். மாதம் 400, 500 ரூபாய்க்கு ஒரு சின்ன வி.பி.எஸ். (வேறு ஒரு நிறுவனத்தின் இடத்தில் ஓடும் கம்ப்யூட்டரில் ஒரு பங்கு) வாடகைக்கு எடுப்பது. அதற்குச் சொந்தமாக ஒரு பொது ஐ.பி. இருக்கும், அதுதான் நம் பெட்டி எண். வீட்டு மெஷின் வயர்கார்ட் என்ற நிரல் மூலம் அந்த வி.பி.எஸ்.ஸைத் தானே தேடிப்போய் ஒரு டனல் (இரண்டுக்கும் நடுவே தனி வழி) போட்டுக்கொள்ளும். வெளியே போகும் இணைப்பு என்பதால் ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம், சிஜிநாட்டும் தடுக்காது. 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் அனுப்பி டனலை உயிரோடு வைத்திருக்கச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் முகவரியை மாற்றிவிடும் நாட் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். வி.பி.எஸ். பக்கம், 25565இல் வருவதை எல்லாம் டனலுக்குள் தள்ளிவிடு என்று ஃபயர்வாலில் ஒரு வரி. விளையாடுகிறவர்களுக்குத் தெரிவது வி.பி.எஸ்.ஸின் எண். அடி விழுந்தால் அதன் மேல் விழும்; மலிவான நிறுவனமாக இருந்தால் மற்ற வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற உங்கள் எண்ணைச் சில மணி நேரம் துண்டித்துவிடுவார்கள், ஓ.வி.எச். நிறுவனம் மாதிரித் தாக்குதலை வடிகட்டித் தருபவர்களும் உண்டு. எப்படியானாலும் விளையாட்டு நிற்கும், சீரியல் நிற்காது.

அப்படியென்றால் சர்வரையே வி.பி.எஸ்.ஸில் வைத்துவிடலாமே என்றால், தாராளமாக வைக்கலாம், காசு இருந்தால். மோட் (கேமை மாற்றும் கூடுதல் நிரல்) எல்லாம் போட்ட மைன்கிராஃப்ட் 8 ஜி.பி. ரேம் கேட்கும், அந்த அளவுக்கு வாடகை எகிறும். வழிமாற்றி விடும் வேலைக்கு 1 ஜி.பி. வி.பி.எஸ்.ஸே அதிகம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரின் ரேமுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை (கரண்ட் பில் தனி).

ஊர் மட்டும் பார்த்து எடுங்கள். ஒருவன் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃபிராங்க்ஃபர்ட்டில் எடுத்தால், சென்னையில் இருக்கும் நண்பன் அடிக்கும் கோடாலி ஜெர்மனிக்குப் போய் மதுரையில் உள்ள சர்வருக்கு வந்து, பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். ஃபைபரில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், அதற்கு மேல் யார் பணம் கொடுத்தாலும் ஓடாது. மைன்கிராஃப்ட் தன் உலகத்தை 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, அதை ஒரு டிக் என்பார்கள். மும்பை வழியாகப் போனால் கூடுவது ஒரு டிக்குக்குள் அடங்கிவிடும், ஃபிராங்க்ஃபர்ட் என்றால் உடைத்த கட்டை திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் கையால் செய்ய நேரமில்லாதவர்களுக்குத்தான் பிளேஇட் மாதிரிச் சேவைகள். ஒரு நிரலை ஓடவிட்டால் அவர்களே ஒரு முகவரி தருவார்கள், இலவசத்திலேயே நண்பர்களோடு ஆடலாம். வழி ஒன்றுதான், வி.பி.எஸ். அவர்களுடையது, இலவசத்தில் எந்த ஊரில் நிற்கும் என்பதும் பெரும்பாலும் அவர்கள் இஷ்டம்.

எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்த அன்று மாலையே ஒரு கூத்து. அக்கா மகன் யாரையோ ஐ.பி. வைத்துத் தடை செய்தான், அடுத்த நொடி அத்தனை பேரும் வெளியே. காரணம் சுலபம். வி.பி.எஸ். பாக்கெட்டை உள்ளே தள்ளும்போது அனுப்பியவர் முகவரியையும் தன்னுடையதாக மாற்றிவிடும்படி நான் எழுதியிருந்தேன், ஆகவே லாகில் எல்லோரும் 10.8.0.1 (டனலுக்குள் வி.பி.எஸ்.ஸின் எண்). ஒருவனைத் தடுத்தால் ஊரையே தடுத்த மாதிரி. அந்த முகவரி மாற்றத்தை எடுத்துவிட்டு, சர்வர் மெஷினிலிருந்து வெளியே போகும் எல்லாமே டனல் வழியாகத்தான் போகவேண்டும் என்று வைத்தபின் உண்மையான முகவரிகள் தெரிந்தன. முன்னால் வெலாசிட்டி போன்ற ப்ராக்ஸியை (நடுவில் நின்று கடத்திவிடும் நிரல்) நிறுத்தியும் இதைச் செய்யலாம், ஆனால் அப்போது உள்ளே இருக்கும் சர்வரில் ஆன்லைன் மோடை (வருபவர் கணக்கு உண்மையா என்று பார்க்கும் சோதனை) அணைக்க வேண்டும், வீட்டு போர்ட்டும் வெளியே திறந்து கிடந்தால் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் நுழையலாம், அட்மின் பெயரிலும்தான். அதற்கென்று உள்ள ரகசியச் சொல்லை இரு பக்கமும் போடாமல் விடவே கூடாது.

வெளியே போவது எல்லாம் டனல் வழியே என்றேன், அதுதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம். உள்ளே வரும் கதவை மறைத்துவிட்டு, சர்வர் தானாக வெளியே எட்டிப்பார்ப்பதை மறந்துவிடுகிறார்கள். ஆட்டக்காரர் ஒரு படத்தின் இணைப்பைக் கொடுத்தால் அதை இறக்கி கேமுக்குள் சுவரில் மாட்டித்தரும் பிளகின்கள் (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்கள்) உண்டு. படத்தை இறக்குவது யார்? சர்வர். எங்கிருந்து? டனல் இல்லாவிட்டால் வீட்டு ஐ.பி.யிலிருந்து. விவரம் தெரிந்த பையன் தன் சொந்த வெப்சைட்டில் உள்ள ஒரு பூனைப் படத்தைக் கொடுத்துவிட்டு லாகைப் பார்த்தால் போதும், வீட்டு எண் அங்கே எழுதியிருக்கும். லாக் எழுதப் பயன்படும் லாக்4ஜே என்ற நிரலில் 2021 டிசம்பரில் வெடித்த ஓட்டையும் இதே குணம் கொண்டது: சாட்டில் ஒரு வரி டைப் செய்தால் போதும், சர்வர் தாக்குபவனின் கம்ப்யூட்டரைத் தானே கூப்பிடும். மெஷினே பறிபோகும்போது ஐ.பி. தெரிந்தது சின்ன விஷயம்தான், ஆனாலும் இரண்டும் ஒரே வரியில் போயிருக்கும். டனல் நல்ல பாக்கெட், கெட்ட பாக்கெட் பார்த்து அனுப்புவதில்லை. அப்டேட் போடாத சர்வரை ஒளித்து வைத்தாலும் அது அப்டேட் போடாத சர்வர்தான்.

மற்றக் கசிவுகள் சில்லறை. டைன்மேப் போட்டு உலக வரைபடத்தை பிரவுசரில் காட்ட, 8123 போர்ட்டை மட்டும் ரவுட்டரில் நேராகத் திறந்துவிடுவது ஒன்று. டொமைனை முதலில் வீட்டு எண்ணுக்குக் காட்டிவிட்டு அப்புறம் மாற்றுவது இன்னொன்று, பழைய டி.என்.எஸ். பதிவுகளைச் சேர்த்து வைத்து விற்கும் தளங்கள் இருக்கின்றன, நேற்று என்ன எண் இருந்தது என்று சொல்லிவிடும். சர்வர் பட்டியல் தளங்களில் போட்ட பழைய எண்ணும் அப்படியே.

நாலே நண்பர்கள்தான், வெளியாள் யாரும் வரமாட்டார்கள் என்றால் இத்தனையும் வேண்டாம், டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடயர் போதும். என் முதல் சிபாரிசே அதுதான். எல்லோர் மெஷினிலும் ஏற்றினால் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பது மாதிரி ஆகிவிடும், உலகத்துக்கு ஒரு கதவும் தெரியாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இவை வேகத்துக்காக இரண்டு மெஷின்களை முடிந்தவரை நேராகவே பேசவைக்கும், அதனால் நண்பனின் திரையில் உங்கள் உண்மையான ஐ.பி. இருக்கும், பார்க்கத் தெரிந்தால். ஊருக்கு மறைவு, நண்பனுக்கு மறைவில்லை. சண்டை வருவது பெரும்பாலும் நண்பனோடுதான் என்பது வேறு விஷயம்.

போலீஸிடமிருந்தும் மறையலாமா என்று ஒருவர் கேட்டார். கேம் சர்வருக்கு எதற்கு? 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவின்படி இங்கே வி.பி.எஸ்., வி.பி.என். கொடுக்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி எல்லாவற்றையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். காசு கட்டிய கார்டிலேயே பெயர் இருக்கிறது. நாம் மறைவது பன்னிரண்டு வயது எதிரியிடமிருந்து.

கடைசி வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். டனல் போட்டாயிற்று, ரவுட்டரில் 25565ஐ மூடியாயிற்று, ஆனால் ஏற்கெனவே வெளியே போன எண் போனதுதானே. மூடிய கதவின் மேலும் குப்பை கொட்டலாம், இணைப்பு அப்போதும் அடைத்துக்கொள்ளும். மாறுகிற ஐ.பி. உள்ள இணைப்பு என்பதால் ராத்திரி ரவுட்டரை அணைத்து வைத்தோம். காலையில் போட்டால் அதே எண். மறுநாள் ராத்திரியும் அணைத்தோம், அதே எண். மூன்றாம் நாள் தெருவில் கரண்ட் போய் ஐந்து மணி நேரம் கழித்து வந்தபோது தானாகவே மாறியிருந்தது. அவன் நிம்மதியாகத் தூங்கப் போனான். டிஸ்கார்டில் அவன் ஒட்டிய பழைய எண் இன்னும் அப்படியே கிடந்தது, அந்த எண் இந்நேரம் ஊரில் வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும். எழுப்பி அதை அழிக்கச் சொன்னேன்.